இரண்டாயிரம் திண்டுக்கல்

ஜூன் 3, 2024, திங்கள்

சசி, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி பன்னிரண்டே கால். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுதலாம் என்றால் பேனாவையும் கேட்கிறாள், நோட்டையும் கேட்கிறாள், கடைசியில் இரண்டும் அவள் வாய்க்குள்தான் போகின்றன.

நீ கப்பல் ஏறும்போது சொன்னபடிதான் செய்கிறேன். "நடுக்கடல்ல நெட் கிடைக்கிறதே பெரிய பாடுக்கா. துண்டு துண்டா அனுப்பாத. தேதி போட்டு நோட்டுல எழுதி வை. கரைக்கு வர்றப்ப போட்டோ எடுத்து அனுப்பு, உட்கார்ந்து படிக்கிறேன்." இருபதாம் தேதி பிரேசில் கரை என்றாய். அதுவரை இந்த நோட்டுதான் நீ.

விஷயம் நம் கரூர் வீடுதான். டைல்ஸ் கடைக்காரரிடம் நாற்பத்தெட்டு லட்சத்துக்குப் பேசி முடித்ததும், ஆளுக்கு இருபத்து நாலு என்று நாம் பிரித்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். பதிவு 28-ஆம் தேதி. உன் சார்பில் கையெழுத்துப் போட எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாய். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு வாங்குபவரின் வக்கீல் போன் செய்தார்.

"உங்க அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்காங்க, சரி. ஆனா அது ரிஜிஸ்டர் ஆகலையேம்மா. இருபது ரூபா பத்திரத்துல எழுதி வீட்டுலயே வெச்சிருக்கீங்க. அவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எங்க ஆளு வாங்குவாரு."

அம்சா அத்தையைத்தான் சொல்கிறார். தாத்தா இறந்ததும், 1991-இல், வீட்டை முப்பதாயிரம் என்று மதிப்புப் போட்டு, தன் பாதியை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம். அதற்கு ஈடாகப் பதினைந்தாயிரம், 'கேட்கும்போது தருவதாக.'

அத்தை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு?

ஜூன் 4

பாப்பாவுக்கு 100.6. டி.வி.யில் நாடே ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தது, நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குப் போன் செய்யவில்லை.

ஜூன் 7

பல் முளைக்கும் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ஐநூறு ரூபாய். அப்பா இருந்திருந்தால் உடனே மாற்றிச் சொல்லியிருப்பார்: "பத்துத் திண்டுக்கல்லா? ஒரு வார்த்தைக்கா?"

உனக்கு ஞாபகம் இருக்கிறதா சசி, நம் வீட்டில் ரூபாயே கிடையாது. அப்பா கண்டக்டராகப் போன கரூர்–திண்டுக்கல் பஸ்ஸை ஓட்டியது டிரைவர் என்றாலும், ஊரில் அது 'கண்டக்டர் வண்டி'தான். அப்பாவுக்கு எல்லாப் பணமும் டிக்கெட். திண்டுக்கல் வரைக்கும் டிக்கெட் விலைதான் பெரிய நோட்டு, அது ஒரு திண்டுக்கல். அதற்கடுத்தது வேடசந்தூர். அதற்கும் கீழே அரவக்குறிச்சி. சில்லறை எல்லாம் 'ஒரு ஸ்டேஜு'. அம்மா தீபாவளிக்குப் புடவை கேட்டால், "நாப்பது திண்டுக்கல்லா? நாப்பது பேரு நின்னுட்டே போனாத்தான் உனக்கு இந்தச் சேலை" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் பென்சில் பெட்டி அரை வேடசந்தூர் என்று சொல்லி, டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி அர்த்தம் கேட்டது நினைவிருக்கிறது.

ராத்திரி அவர் வந்ததும் முதலில் அந்தத் தோல் பையின் வாசனை வரும். வியர்வை, சில்லறைக் காசு, எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டின் மை. விரல் நுனி எப்போதும் கறுப்பு. பைக்குள் கையை விட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரே ஒரு வெண்ணெய் பன்னை எடுப்பார். இரண்டு வாங்க மாட்டார். அம்மா தையல் நூலால் வெட்டச் சொல்வாள். வெட்டுகிறவர் கடைசியாக எடுக்க வேண்டும், அதுதான் சட்டம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை நடுவில் வைப்பேன். நீ குனிந்து இரண்டு பக்கமும் அளப்பாய், படவா.

உன் மச்சான் கோகுலிடம் அத்தை விஷயத்தைச் சொன்னேன். "பதினஞ்சாயிரம்தானே, குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா. நாம வாங்கப்போற சரவணம்பட்டி ஃபிளாட்டுக்காரர் இருபது லட்சத்தை மாசக் கடைசிக்குள்ள கட்டச் சொல்றாரு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் கட்டி, பாப்பாவையும் வளர்த்து, அவர் சட்டைக் காலர் கிழிந்ததைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்கிறார்.

நான்தான் மறுபடி வக்கீலுக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேட்டேன். பதிவாகாத பத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று.

"வெறும் காகிதம்தாம்மா. கோர்ட்டுக்குப் போனா அவங்க பாதி அவங்களுக்குத்தான். அதனாலதான் போகாம முடிச்சுக்கச் சொல்றேன்."

ஜூன் 8

ஒரு டயப்பர் பதினைந்து ரூபாய். அத்தை பத்திரம் எழுதிய வருஷத்தில் திண்டுக்கல் டிக்கெட் ஏழரை. போக ஒன்று, வர ஒன்று. நம் பாப்பா தினமும் ஐந்து தடவை திண்டுக்கல் போய் வருகிறாள், உட்கார்ந்த இடத்திலேயே.

ஜூன் 11

கரூர் போய்விட்டு வந்தேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, கவரில் பதினைந்தாயிரத்து ஒரு ரூபாய் வைத்துக்கொண்டு. ஒரு புடவையும் வாங்கினேன். அது தனிக் கணக்கு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வெங்கமேட்டுக்குப் பிங்க் பஸ். கண்டக்டர் என் கையில் ஒரு டிக்கெட்டைத் திணித்தார், காசு கேட்கவில்லை. டிக்கெட்டில் சைபர் என்று இருந்தது. அப்பா இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வீடு அதேதான். ஒற்றை அறை, வெளியே குழாயடி, ஓரத்தில் நீல டிரம். மாமா போய் எட்டு வருஷம். பிள்ளையும் இல்லை. அறுபத்தொரு வயதில் இன்னமும் ஜமுக்காளம், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங். துணியில் பிசிறு பார்த்துப் பார்த்துக் கண் சுருங்கியிருக்கிறது.

"வந்துட்டியா கண்ணு. முதல்ல புள்ளையக் குடு. அட சாமி, எங்கண்ணன் மூக்கு அப்படியே. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த மூக்கு?"

"நீங்களும் அதே மூக்குதானே அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

வாழைப்பழத்தைப் பிசைந்து பாப்பாவுக்கு ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் வாயே திறக்காத குட்டி அவளிடம் ஆ என்றது. எதையும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கவரைப் பாயில் வைத்தேன்.

"என்ன கண்ணு இது?"

"அந்தப் பதினஞ்சாயிரம் அத்தை. பத்திரத்துல இருக்குதில்ல. வீடு விக்கிறோம். வக்கீல் உங்க கையெழுத்தும் வேணுங்கறாரு."

கவரைக் கையில் எடுத்தாள், பிரிக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். துணியைத் தொட்டுப் பார்க்கிறவள் கை.

"ஒரு ரூபா சேர்த்து வெச்சிருக்கியாட்டம்?"

"வெச்சிருக்கேன்."

"அப்ப மொய்யி." சிரித்தாள். "போட்டுர்றேன் கண்ணு. என்ன, தேதியை முன்னாடியே சொல்லு. லீவு சொல்லாமப் போனா நானூத்தி எண்பது ரூபாயப் புடிச்சுக்குவான்."

அவ்வளவுதான் சசி. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு எதற்கும் வேலையே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே, "வீடு எவ்வளவுக்குப் போகுது?" என்று கேட்டாள்.

"இன்னும் பேசி முடிக்கல அத்தை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பாப்பா சிணுங்கினாள், அந்த அவசரத்தில் வந்துவிட்டது. பாப்பா சிணுங்கியது அதற்கு முன்பா பின்பா என்று இப்போது நினைவில்லை.

பாப்பா கையெல்லாம் பழம். கழுவிவிடலாம் என்று டிரம்மைத் திறந்தேன். மூடி ஒரு தகரம், கனமாக இருந்தது. திருப்பிச் சுவரில் சாய்த்தபோது அடிப்பக்கத்தில் எழுத்து. ஈரம் பட்டுப் பட்டு மஞ்சள் பெயின்ட் உரிந்திருந்தாலும் படிக்க முடிந்தது:

அம்சா டைலரிங். பெண்கள் ஜாக்கெட் ஒரே நாளில். கூலி ரூ. 8.

"இது என்ன அத்தை?"

"அதுவா, மூடி."

"எழுதியிருக்குதே."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை பார்த்து வெச்சிருந்தேன் கண்ணு. பதினஞ்சாயிரம் அட்வான்ஸ் கேட்டான். வீட்டுல என் பாதிக்கு அண்ணன் தர்றதா சொன்ன பணமும் அதேதான். கடை கெடைக்கறதுக்கு முந்தியே போர்டை எழுதிட்டேன். எல்லாத்துலயும் அவசரம் எனக்கு." பாப்பாவின் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அந்த வருஷம்தான் நீ எட்டு மாசத்துலயே வந்து பொறந்துட்ட. உனக்கும் அவசரம்."

எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 13

வக்கீல் அத்தையின் விடுதலைப் பத்திரத்தின் அசலைக் கேட்டார். அது அப்பாவின் தோல் பைக்குள்தான் இருக்கும் என்று தெரியும். அந்தப் பை, அம்மா இறந்தபோது கரூரிலிருந்து எடுத்து வந்து பரணில் போட்ட பெட்டியில். நான்கு வருஷமாக நான் திறக்கவில்லை. இன்றைக்குப் பாப்பா மதியத் தூக்கத்தில் இருந்தபோது இறக்கினேன். வாசனை இன்னும் இருக்கிறது சசி. பையை மூடிவிட்டு மறுபடி திறந்தேன், இன்னொரு தடவை வரட்டும் என்று.

உள்ளே விசில், ஒரு ரப்பர் வளையத்தில் பத்துப் பைசா டிக்கெட் கட்டு, நான்காக மடித்த பத்திரம். பத்திரத்தின் பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து.

அம்சாவுக்கு 2000 தி.

அதன் கீழே, வெவ்வேறு காலத்துப் பென்சிலில்:

7.50 – 15,000
12 – 24,000
20 – 40,000
33 – 66,000

டிக்கெட் விலை ஏறும்போதெல்லாம் தான் தர வேண்டியதையும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அத்தைக்குத் தர வேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய் என்று அவர் நினைக்கவே இல்லை. இரண்டாயிரம் பேர் திண்டுக்கல் போகும் காசு என்று நினைத்திருக்கிறார். மறக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கையில் இருந்ததைவிட அந்த எண் ஒரு படி மேலேயே இருந்திருக்கிறது போல. கடைசி வரி 2011-இல் எழுதியது. 2018-இல் கட்டணம் மறுபடி ஏறியபோது அவர் இல்லை.

பேனாவை வைத்துவிட்டுப் பென்சில் தேடி எடுத்து, அவர் எழுத்துக்குக் கீழே நான் எழுதினேன்: 52 – 1,04,000.

நிம்மதியாக இருந்தது. நீயும் நானும் ஆளுக்கு ஐம்பத்திரண்டாயிரம். ஃபிளாட்டுக்கும் பாதகமில்லை. கோகுலும் பத்திரத்தைப் பார்த்து, "உங்கப்பா கணக்கு நியாயமான கணக்கு. குடுத்துரலாம்" என்றார். இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

ஜூன் 14

தூங்கவில்லை.

ஜூன் 15, சனி

அத்தைக்கு அரைநாள் வேலை. மதியம் போன் செய்து பத்திரத்தின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வரி வரியாகக் கேட்டாள். கடைசியில் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"ரெண்டாயிரம் திண்டுக்கல்லா? கிறுக்குப் புடிச்சவன். எனக்கு இப்ப டிக்கெட்டே கெடையாது கண்ணு. பிங்க் பஸ்ஸுல ஏறுனா சைபர் ரூபாய்க்குச் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறான். உங்கப்பன் இருந்திருந்தா, 'அம்சா, ரெண்டாயிரத்தை சைபரால பெருக்கு, கணக்கு நேராயிருச்சு'ன்னு கைய உதறிட்டுப் போயிருப்பான்."

"திண்டுக்கல்லுக்கு டிக்கெட் உண்டே அத்தை."

"திண்டுக்கல்ல எனக்கு என்ன வேலை?"

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்: "நீங்களா இருந்தா எதுல கணக்குப் போடுவீங்க?"

"நானா." யோசித்தாள். "ஜாக்கெட்டுல போடுவேன்."

பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் என் கை நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஜாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் பதினைந்தாயிரத்துக்கு 1,875 ஜாக்கெட். இன்றைக்குக் கூலி முந்நூறு. ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐநூறு. பவுனில் போட்டால்? அப்போது பவுன் இரண்டாயிரத்து ஐநூறு பக்கம் என்று அம்மா சொல்வாள். ஆறு பவுன். இன்றைக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம். டிக்கெட்டில் ஒரு லட்சத்து நாலாயிரம். நான் கவரில் கொண்டுபோனது பதினைந்தாயிரத்து ஒன்று. எல்லாம் ஒரே பணம்தான் சசி. ஒரே நாளில், ஒரே பத்திரத்தில் எழுதியது. எந்தப் பொருளைப் பக்கத்தில் வைக்கிறோமோ அதன் உயரத்துக்கு அது வளர்கிறது. நான் மிகக் குட்டையானதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வரவில்லை. கணக்கைத்தான் சொல்கிறேன்.

"அத்தை" என்றேன். "வீடு நாப்பத்தெட்டு லட்சத்துக்குப் பேசி முடிஞ்சுது. நான் அன்னிக்கு வந்தப்பவே முடிஞ்சிருந்துது."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

"தெரியும் கண்ணு. டைல்ஸ் கடைக்காரர் மச்சினிச்சி எங்க செக்கிங்லதான் இருக்கறா. ஒரு மாசமா அதே பேச்சு." பிறகு, "பாப்பாவுக்குப் பல்லு வெளிய வந்துருச்சா?"

"ஒண்ணு வந்துருச்சு அத்தை."

"மேலயா கீழயா?"

"கீழ."

"கீழ வந்தா நல்லது" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 16

கவரை அத்தை இன்னும் பிரித்திருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. ஃபிளாட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை.

ஜூன் 18

இன்று சாயங்காலம் பேக்கரியில் வெண்ணெய் பன் வாங்கினேன். இருபத்தைந்து ரூபாய். அப்பா வாங்க ஆரம்பித்தபோது எழுபத்தைந்து பைசா, நான் காலேஜ் போகும்போது ஆறு ரூபாய். நடுவில் பன்னும் சின்னதாகிக்கொண்டே வந்தது, உனக்கு நினைவிருக்கும், அதற்காக நீ ஒரு நாள் அழுதாய். வீட்டில் நூலை எடுத்து வெட்டினேன், பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். விலை எத்தனையோ தடவை மாறிவிட்டது. நூல் வைக்கிற இடம் மட்டும் மாறவில்லை.

அப்பா வீட்டை டிக்கெட்டால் அளந்திருக்க வேண்டாம். வீட்டை வீட்டால் அளந்திருந்தால் அந்தப் பத்திரத்தின் பின்னால் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்திருக்கும். அதைத் திருத்தவே வேண்டியிருந்திருக்காது. 1991-இல் பாதி. இன்றைக்கும் பாதி.

அதனால் நான் வெட்டிவிட்டேன் சசி. அத்தைக்கு இருபத்து நாலு. உனக்குப் பன்னிரண்டு, எனக்குப் பன்னிரண்டு. வெட்டுகிறவர் கடைசியாக எடுக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியவள் முப்பத்து மூன்று வருஷமாகக் கையை நீட்டவில்லை. நீட்டவும் மாட்டாள், எனக்குத் தெரியும். கேட்கும்போது தருவதாக என்று எழுதியதுதான் அப்பா செய்த தப்பு. அவள் கேட்கிறவள் இல்லை.

பன்னிரண்டில் சரவணம்பட்டி ஃபிளாட் வராது. அந்தப் பால்கனியில் பாப்பாவுக்குத் தூளி கட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். உன் கல்யாணச் செலவுக்கும் அடி விழும், அது உன் பணம், என் பணம் இல்லை. உன் பவர் என் கையில் இருக்கிறது என்பதற்காக உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். கோகுலிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். அது சாக்குதான், தெரியும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாளை மறுநாள் நீ கரைக்கு வருவாய். இந்தப் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பாப்பா கிழித்த ஓரத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, தேடாதே. பத்திரத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்புகிறேன், அப்பா கையெழுத்தைப் பார். கடைசி வரி என்னுடையது. அதை இன்னும் அழிக்கவில்லை.

பதிவு 28, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. அத்தை லீவு சொல்ல இரண்டு நாள் முன்னால் தெரிய வேண்டும். படித்ததும் சீக்கிரம் பதில் எழுது.